ஐசக்கில் அம்மாவைத் தாண்ட முடியவில்லை: எதை மாற்ற வேண்டும்?

கேள்வி: "தி பைண்டிங் ஆஃப் ஐசக்: ரீபர்த்" என்ற வீடியோ கேம் வாங்கி 30 மணி நேரத்துக்கு மேல் ஆடியாயிற்று, ரிபென்டன்ஸ் வரை எல்லா டிஎல்சியும் (கூடுதல் பகுதிகள்) இருக்கிறது. பெரும்பாலும் நடுத் தளங்களான கேவ்ஸிலோ டெப்த்ஸிலோ செத்துப்போகிறேன். ஆறாம் தளத்தின் பாஸான (தளத்தின் முடிவில் வரும் பெரிய எதிரி) அம்மாவை இரண்டு முறைதான் வீழ்த்தியிருக்கிறேன், அதுவும் நல்ல ஐட்டம் விழுந்த ரன்களில் (தொடக்கத்திலிருந்து சாகும்வரை ஆடும் ஓர் ஆட்டம்தான் ரன்). இது வெறும் அதிர்ஷ்ட ஆட்டமா? நான் எதை மாற்றிக்கொள்ள வேண்டும்?

பதில்:

எந்த ஐட்டம் வரும் என்பது அதிர்ஷ்டம். எத்தனை ஐட்டம் வரும் என்பது பெரும்பாலும் உங்கள் கையில் இருக்கிறது. எண்ணிப் பாருங்கள்: பேஸ்மென்டில் 2, கேவ்ஸில் 2, டெப்த்ஸில் 2 என அம்மா வரைக்கும் 6 தளங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் ஐட்டம் அறை, ஆக 6. முதல் 5 தளங்களின் பாஸ் செத்ததும் தலா ஒன்று தரும், அது 5. கடை, சீக்ரெட் ரூம், இதயத்தை விலையாகக் கேட்கும் டெவில் ரூம் எதையும் தொடாமலே 11 ஐட்டத்தோடு அம்மா முன்னால் போய் நிற்கலாம். நீங்கள் 6, 7 ஐட்டத்தோடு போய் நிற்கிறீர்கள் என்றால் வழியில் எங்கோ சாவியை வீணடித்திருக்கிறீர்கள். "நல்ல ஐட்டம் விழுந்த ரன்" என்று நீங்கள் சொல்வதைத் திரும்ப யோசித்தால், நிறைய ஐட்டம் விழுந்த ரன்னாகத்தான் அது இருந்திருக்கும்.

இதைப் புரிந்துகொள்ள ஆட்டத்தின் கதையே உதவும். ஆதியாகமம் 22-ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைக் கட்டிப் பலிபீடத்தின் மேல் கிடத்துகிறான். 2011 செப்டம்பரில் எட்மண்ட் மெக்மில்லனும் ஃப்ளோரியன் ஹிம்ஸலும் ஃபிளாஷில் வெளியிட்ட முதல் ஐசக் அந்தக் காட்சியைத் தலைகீழாக்கியது. கத்தியோடு வருவது அம்மா. பிள்ளை நிலவறைக்குள் குதித்துத் தப்பி, தன் கண்ணீரையே தோட்டாவாகச் சுடுகிறான். 2014 நவம்பரில் வந்த ரீபர்த் அதையே புதிதாகக் கட்டி எழுப்பியது. பின்னால் ஆஃப்டர்பர்த் (2015), ஆஃப்டர்பர்த் பிளஸ் (2017), ரிபென்டன்ஸ் (2021) என்று வளர்ந்தது. கதையில் மட்டுமல்ல, ஆட்டத்தின் கணக்கிலும் பலிதான் மையம். இந்த ஆட்டத்தில் ரத்தம் ஒரு நாணயம். அதை நீங்களாகச் செலவழித்தால் பொருள் கிடைக்கும். ஓர் ஈ வந்து உறிஞ்சிவிட்டுப் போனால் ஒன்றும் கிடைக்காது. கீழே வருவதெல்லாம் இந்த ஒரு விஷயத்தின் கிளைகள்தான். எண்கள் எல்லாம் ரிபென்டன்ஸுக்கானவை.

சிவப்பு இதயம் எதற்கு

புதிதாக ஆடுபவர்கள் சிவப்பு இதயத்தை உயிர் என்று மட்டும் பார்க்கிறார்கள். அது டெவில் ரூமின் திறவுகோலும்கூட. பாஸ் செத்த பிறகு அந்த அறையில் டெவில் ரூம் கதவு திறக்குமா என்பதற்கு அடிப்படை வாய்ப்பு வெறும் 1%. அந்தத் தளம் முழுக்கச் சிவப்பு இதயத்தில் அடி வாங்கவில்லை என்றால் அதோடு 99% சேரும். பாஸ் சண்டையில் மட்டும் வாங்கவில்லை என்றால் 35%. அதாவது இரண்டாம் தளத்தில் சிவப்பு இதயத்தைக் கீறாமல் பாஸை முடித்தால் கதவு திறந்தே தீரும். ஒரே ஓர் அரை இதயம் போனாலும் அந்த 99 போய்விடும்.

இங்கே "சிவப்பு" என்ற சொல்லைக் கவனியுங்கள். நீல நிறச் சோல் ஹார்ட் இருந்தால் அடி முதலில் அதில்தான் விழும். அந்த அடி இந்தக் கணக்கில் சேராது. ஆகவே கையில் இருக்கும் ஒவ்வொரு சோல் ஹார்ட்டும் டெவில் ரூமுக்கான காப்பீடு. இரண்டாம் தளத்துக்கு ஒரு சோல் ஹார்ட்டோடு இறங்குவதற்கும் இல்லாமல் இறங்குவதற்கும் உள்ள வித்தியாசம் சில ரன்களில் ஒரு பிரிம்ஸ்டோன் (டெவில் ரூமில் கிடைக்கும் வலுவான லேசர் ஐட்டம்) அளவுக்குப் பெரியது.

முதல் தளத்தில் வழக்கமாக டெவில் ரூம் கிடையாது. அப்படியானால் அந்தத் தளத்தில் சிவப்பு இதயம் போவதால் கதவுக்கு நஷ்டமில்லை. ரத்த தான மெஷின் இருந்தால் இங்கேயே ரத்தம் கொடுத்துக் காசாக்கிக்கொள்ளலாம். முள் கதவு வைத்த கர்ஸ் ரூமுக்குள்ளும் தைரியமாகப் போய் வரலாம். (உள்ளே போகும்போதும் அடி, வெளியே வரும்போதும் அடி; இரண்டையும் தாங்க இதயம் இருக்கிறதா என்று எண்ணிவிட்டுப் போங்கள். பறக்கும் திறன் இருந்தால் அடி இல்லை.) இந்த மெஷினும் கர்ஸ் ரூம் முள்ளும் எடுக்கும் ரத்தம் பிற தளங்களிலும் டெவில் ரூம் கணக்கில் வராது. நாமாகக் கொடுக்கும் ரத்தத்தை ஆட்டம் மன்னிக்கிறது; கவனக்குறைவாக இழக்கும் ரத்தத்தை மன்னிப்பதில்லை.

கதவு திறந்து உள்ளே போனால் விலை ஹார்ட் கன்டெய்னரில் (சிவப்பு இதயம் நிரம்பும் கூடு): சாதாரணப் பொருளுக்கு 1, வலுவானதற்கு 2. சிவப்பு கன்டெய்னரே இல்லாதவர்களுக்கு 3 சோல் ஹார்ட். கையில் இருக்கும் கடைசிக் கன்டெய்னரையும் கொடுத்து, சோல் ஹார்ட்டும் இல்லை என்றால் அந்த இடத்திலேயே சாவீர்கள், எச்சரிக்கை எதுவும் வராது. ஐசக் 3 கன்டெய்னரோடு தொடங்குகிறான். டேமேஜை நேரடியாக ஏற்றும் பொருளுக்கு ஒன்றைக் கொடுப்பது எப்போதும் லாபம் என்பது என் தீர்ப்பு. சீக்கிரம் சாகும் எதிரி குறைவாகவே சுடுவான்.

முதல் முறை திறக்கும் கதவு வழக்கமாக டெவில் ரூமுக்குத்தான். அங்கே இதயம் கொடுத்து எதையும் வாங்காமல் வந்துவிட்டால், அடுத்து திறப்பது ஏஞ்சல் ரூமாக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அங்கே பொருளுக்கு விலை இல்லை. ஒருமுறை இதயம் கொடுத்து வாங்கிவிட்டால், சில விதிவிலக்குகள் தவிர, அந்த ரன்னில் ஏஞ்சல் பக்கம் மூடிக்கொள்ளும். இன்னொன்று: முந்தைய தளத்தில் கதவு திறந்திருந்தால் இந்தத் தளத்தில் வாய்ப்பு நன்றாக இறங்கும். அதனால் ஒன்று விட்டு ஒரு தளத்தில் கதவு வருவது இயல்பு. வரவில்லை என்று பதற வேண்டாம். ஆப்ஷன்ஸில் "ஃபவுண்ட் ஹட்" என்பதை ஆன் செய்துவைத்தால் டேமேஜ், வேகம், டெவில் ரூம் வாய்ப்பு எல்லாம் திரையின் இடப்பக்கம் எண்ணாகத் தெரியும். இதை ஆன் செய்யாமல் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொள்வது கண்ணைக் கட்டிக்கொண்டு கணக்குப் போடுவது.

டேமேஜ் கணக்கு

ஐசக்கின் தொடக்க டேமேஜ் 3.5. டேமேஜ் ஏற்றும் ஐட்டங்கள் அப்படியே கூடுவதில்லை. சூத்திரம்: 3.5 × √(1.2 × மொத்தக் கூட்டல் + 1). பென்டகிராம் போல +1 தரும் பொருள் ஒன்று எடுத்தால் 5.19, இரண்டாவதும் எடுத்தால் 6.45, மூன்றாவதுக்கு 7.51. முதல் பொருள் 1.69 கூட்டியது, மூன்றாவது 1.06 மட்டுமே. ஆகவே ரன்னின் தொடக்கத்தில் கிடைக்கும் முதல் டேமேஜ் அப்தான் விலை மதிப்பற்றது. மேஜிக் மஷ்ரூம், கிரிக்கெட்ஸ் ஹெட் போன்றவை மொத்தத்தை 1.5-ஆல் பெருக்கும், வர்க்கமூலம் அவற்றைத் தொடுவதில்லை. அதனால்தான் அவை பெயர் பெற்றவை.

இது சண்டையில் எப்படித் தெரியும்? தொடக்கத் தளங்களில் வரும் மான்ஸ்ட்ரோ என்ற பாஸுக்கு 250 ஹெல்த். தொடக்க நிலையில் விநாடிக்குச் சுமார் 2.73 கண்ணீர் சுடலாம். 3.5 டேமேஜில் 72 கண்ணீர் பட வேண்டும். ஒன்றுகூடத் தவறாமல் சுட்டாலும் 26 விநாடி. 5.19-இல் 49 போதும், 18 விநாடி. அந்த 8 விநாடியில் மான்ஸ்ட்ரோ இரண்டு மூன்று முறை உமிழ்ந்திருக்கும். ஒரே ஒரு டேமேஜ் அப் உங்கள் சிவப்பு இதயத்தை இப்படித்தான் காப்பாற்றுகிறது. வேகமாகச் சுடவைக்கும் டியர்ஸ் அப்களும் நல்லவையே, சாதாரணமானவை விநாடிக்கு 5-இல் நின்றுவிடும்.

சாவி, பாம், காசு

முதல் தளத்தின் ஐட்டம் அறைக்குப் பூட்டு இல்லை. இரண்டாவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சாவி. எனவே முதல் தளத்தில் கிடைக்கும் ஒற்றைச் சாவியைத் தங்கப் பெட்டியில் போடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. வரிசை இதுதான்: முதலில் ஐட்டம் அறை, கையில் 15 காசு இருந்தால் கடை (ஐட்டத்தின் விலை 15, பாமும் சாவியும் 5), மிச்சம் இருந்தால் மட்டும் தங்கப் பெட்டி. சாவி இல்லாமல் தளத்தை முடித்துவிட்டால் கடையில் பூட்டு, ஐட்டம் அறையில் பூட்டு, போன தளத்தில் வாங்கியிருக்கலாம் என்ற வருத்தம் மட்டும் மிஞ்சும்.

பாம்களை இரண்டு இடத்துக்கு ஒதுக்குங்கள். ஒன்று, நிறம் சற்று நீலமாக மாறி எக்ஸ் போல விரிசல் விழுந்த கல். கண்டுபிடிக்கப் பழக வேண்டும், பழகிவிட்டால் அறைக்குள் நுழைந்ததும் கண்ணில் படும். பெரும்பாலும் சோல் ஹார்ட் தரும்; சில நேரம் சாவி, பாம், பெட்டி. சோல் ஹார்ட் என்றால் மேலே சொன்ன காப்பீடு, ஆகவே எந்தத் தளத்திலும் இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

இரண்டாவது, சீக்ரெட் ரூம். மேப்பில் மூன்று அல்லது நான்கு அறைகள் சுற்றி நிற்க நடுவில் காலியாக இருக்கும் கட்டத்தைத் தேடுங்கள். பிறகு அந்தக் கட்டத்தைத் தொடும் ஒவ்வோர் அறையிலும் சுவரின் நடுப்பகுதியைப் பாருங்கள். கதவு வர வேண்டிய இடத்துக்கு நேர் முன்னால் கல்லோ குழியோ இருந்தால் சீக்ரெட் ரூம் அந்தச் சுவருக்குப் பின்னால் இல்லை. இந்த ஒரு சோதனையே பாதி ஊகங்களை அடித்துவிடும். மீந்த இடத்தில் சுவர் நடுவில் ஒட்டி ஒரு பாம். சூப்பர் சீக்ரெட் ரூம் ஒரே ஓர் அறையை மட்டும் ஒட்டியிருக்கும், பொதுவாக பாஸ் அறைக்குப் பக்கத்தில். பாம் நிறைய இருந்தால் மட்டும் தேடுங்கள். பாம் வைத்தவுடன் விலகிவிடுங்கள்: சொந்த பாமும் ஒரு முழு இதயத்தைப் பிடுங்கும்.

ஹெல்த் நிறைந்திருக்கும்போது விழும் சிவப்பு இதயங்கள் விழுந்த இடத்திலேயே கிடக்கும். அவற்றை மேப்பில் நினைவு வைத்து, பாஸுக்கு முன்போ பாஸ் முடிந்த பிறகோ திரும்பி வந்து எடுங்கள். டெவில் ரூமில் விலை கொடுத்த பிறகு மீந்த கன்டெய்னர்களை நிரப்பவும் இவை உதவும்.

மாத்திரைகள் ஒவ்வொரு ரன்னிலும் நிறம் மாறும். முதல் தளத்திலேயே, காலியான அறையில் விழுங்கிப் பார்த்துவிடுங்கள். எது எது என்று தெரிந்துவிட்டால் பின்னால் குழப்பம் இல்லை. ஒரு இதயத்தைப் பிடுங்கும் பேட் ட்ரிப், உங்களிடம் ஒரே இதயம்தான் இருக்கிறது என்றால் ஃபுல் ஹெல்த்தாக மாறிவிடும், ஆகவே சாகும் தறுவாயில் தெரியாத மாத்திரையைப் போடுவதும் ஒரு வழி.

எடுக்கக் கூடாதவை

கிடைத்ததையெல்லாம் எடுப்பது பத்துக்கு எட்டு முறை சரியே. மீதியில்தான் ரன் அழியும். ஐபிகாக் எடுத்தால் கண்ணீருக்குப் பதிலாக வெடிக்கும் பச்சை உமிழ்நீர். டேமேஜ் மலையளவு, ஆனால் பக்கத்தில் நிற்கும் எதிரியைச் சுட்டால் வெடிப்பில் நீங்களும் போவீர்கள். சுட்டது திரும்பி உங்களிடமே வரும் மை ரிஃப்ளெக்‌ஷனோடு அது சேர்ந்தால் தற்கொலைதான். ஐபிகாக் கையில் இருக்கும்போது சிவப்பு நிறத்தில் வளைந்த அம்புபோல் ஓர் ஐட்டம் பீடத்தில் தெரிந்தால் தொடாமல் நகருங்கள். கர்ஸ்டு ஐ நான்கைந்து கண்ணீரைச் சேர்த்துச் சுடவைக்கும், ஆனால் சார்ஜ் ஏறும்போது அடி பட்டால் வேறோர் அறைக்குத் தூக்கி வீசிவிடும். பாதி முடித்த பாஸ் சண்டை வீணாகும். டெட் கேட் ஒன்பது உயிர் தரும், விலையாக உங்கள் கன்டெய்னர்களை ஒன்றாகக் குறைத்துவிடும். அதை டெவில் ரூமில் மற்றப் பொருள்களை வாங்கி முடித்த பிறகு கடைசியாக எடுப்பதே முறை.

ஐட்டம் பெயர்களும் விளைவுகளும் நினைவில் நிற்கவில்லை என்றால் ஸ்டீம் ஒர்க்‌ஷாப்பில் "எக்ஸ்டர்னல் ஐட்டம் டிஸ்கிரிப்ஷன்ஸ்" என்ற மாட் இருக்கிறது. பீடத்துக்கு அருகே போனால் விளக்கம் எழுத்தில் வரும். 700-க்கு மேற்பட்ட ஐட்டங்களை மனப்பாடம் செய்ய வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

கைப்பழக்கம்

ஐசக் நான்கு திசையில் மட்டுமே சுடுவான், ஆனால் அவன் ஓடும் வேகம் கண்ணீருக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். வலப்பக்கம் ஓடிக்கொண்டே மேலே சுட்டால் கண்ணீர் வலப்பக்கம் சாய்ந்து போகும். இதை வைத்து மூலையில் ஒளிந்திருக்கும் எதிரியை நேர்கோட்டுக்கு வராமலே அடிக்கலாம். பத்து நிமிடம் முதல் அறையிலேயே நின்று ஓடி ஓடிச் சுட்டுப் பாருங்கள். எதிரிகளில் பலர் நேர்கோட்டில் வந்தால்தான் சுடுவார்கள் அல்லது பாய்வார்கள். அவர்களுக்கு எதிராக இந்தச் சாய்வு ஒன்றே பாதி வெற்றி.

மான்ஸ்ட்ரோவைப் பாருங்கள். குட்டிக் குட்டித் தாவலில் நெருங்கும், வாயைத் திறந்து ரத்தத்தைக் கொத்தாக உமிழும், அல்லது உடலை அமுக்கிக்கொண்டு திரைக்கு மேலே எகிறும். உமிழும்போது பக்கத்தில் இருந்தால் கொத்து முழுவதும் மேலே விழும். பாதி அறை தள்ளி நின்றால் தோட்டாக்கள் விரிந்து இடையில் ஆள் நுழையும் இடைவெளி கிடைக்கும். சுவரோடு ஒட்டிப் பின்வாங்காதீர்கள், பக்கவாட்டில் ஓட இடம் இருக்காது. எகிறிவிட்டால் கீழே நிழல் வரும். நிழலிலிருந்து விலகி, இறங்கியதும் எல்லாத் திசையிலும் தெறிக்கும் ரத்தத்துக்காக இன்னும் கொஞ்சம் தள்ளிப் போங்கள். விலகியவுடனே நின்று சுடத் தொடங்குவதுதான் அடி வாங்கும் இடம்.

அம்மாவின் பாதமும் அதே பாடம்தான். நிழல் உங்கள் மேல் விழுந்ததும் ஒரே திசையில் நிற்காமல் ஓடுங்கள். முன்னும் பின்னும் ஆடினால் பாதம் மேலேயே இறங்கும். இறங்கிய பாதத்தைச் சுடலாம். நான்கு சுவரிலும் உள்ள கதவுகளில் அவள் கண், கை, சதை என்று மாறி மாறி வரும், எதிரிகளையும் அனுப்புவாள். கதவை ஒட்டி நிற்காமல் நடுவை ஒட்டியே சுற்றினால் எந்தக் கதவு திறந்தாலும் பார்க்க நேரம் கிடைக்கும். அனுப்பிய எதிரிகளை முதலில் கொல்லுங்கள், அம்மா எங்கும் ஓடிப்போக மாட்டாள். பைபிள் என்ற ஆக்டிவ் ஐட்டம் சார்ஜோடு இருந்தால் இந்தச் சண்டையில் ஒரு முறை பயன்படுத்தினால் போதும், அம்மா அங்கேயே முடிந்தாள். (சாத்தானிடம் அதைப் பயன்படுத்தினால் சாவது நீங்கள்.)

அம்மாவுக்கு அப்பால் வரும் தளம் வூம்ப். இங்கிருந்து கணக்கு மாறுகிறது: ஐட்டம் அறையும் கடையும் இல்லை, ஏறக்குறைய எல்லா அடியும் முழு இதயம். தரையும் சிவப்பு, தோட்டாவும் சிவப்பு. ஆட்டத்தின் கோர அழகு கண்ணுக்கே எதிரியாகும் இடம் இது. அரை இதயத்தில் சமாளித்துப் பழகியவர்கள் இங்கே திகைத்துப்போவார்கள். டெப்த்ஸின் இரண்டாம் தளத்தை முழுக்கச் சுற்றி, காசையும் சாவியையும் அங்கேயே செலவழித்துவிட்டு இறங்குங்கள். மிச்சம் வைத்துக்கொண்டு போனால் பெரிதாகப் பயன்படாது.

மீதியைச் சுருக்கமாக. 20 நிமிடத்துக்குள் அம்மாவை முடித்தால் பாஸ் ரஷ் (பாஸ்கள் அடுத்தடுத்து வரும் அறை) திறக்கும், அதாவது தளத்துக்கு 3 நிமிடம் 20 விநாடி. இப்போதைக்கு அதை மறந்துவிடுங்கள். அவசரம்தான் சிவப்பு இதயத்தைத் தின்னும். ஹார்ட் மோடும் இப்போது வேண்டாம், அம்மாவை வழக்கமாக வீழ்த்தும்வரை நார்மலில் இருங்கள். முதல் ஐட்டம் பிடிக்கவில்லை என்று ஆர் பட்டனை அழுத்தி ரன்னை மீண்டும் மீண்டும் தொடங்குவதை நிறுத்துங்கள். கெட்ட தொடக்கத்தைத் தூக்கி நிறுத்துவதில்தான் மேலே சொன்னதெல்லாம் பழக்கத்துக்கு வரும்.

கதாபாத்திரங்களில் அசாசேல் உங்களுக்குச் சரியாக இருப்பான். ஒரே ரன்னில் டெவில் ரூமில் மூன்று பொருள் வாங்கினால் அவன் திறப்பான். பறப்பான், குறுகிய தூரத்துக்கு லேசர் பாய்ச்சுவான், சோல் ஹார்ட் போன்ற 3 கறுப்பு இதயங்களோடு தொடங்குவான். அவனிடம் சிவப்பு இதயமே இல்லை. ஆகவே அடி வாங்கினாலும் டெவில் ரூம் கதவின் கணக்கு கெடாது. அவனோடு பத்து ரன் ஆடிவிட்டு ஐசக்கிடம் திரும்புங்கள். கதவு திறக்காத தளங்கள் எவ்வளவு வறண்டவை என்பது அப்போது உறைக்கும், முதல் அரை இதயம் போகும் இடத்தைக் கண் தானாகவே குறித்துக்கொள்ளத் தொடங்கும்.